பலவேசம் பைக்குள் பிடித்துவைத்த கல்யாணப் பாட்டு

எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் நாலு புத்திசாலி இருப்பான். வெள்ளைமடையிலும் இருந்தார்கள். நாலு பேரும் வெளியூரில் பெண் எடுத்து மாமனார் வீட்டோடு போய்விட்டார்கள். புத்திசாலிகள் என்பதற்கு அதுவே அத்தாட்சி. மிச்சம் இருந்த ஊரைப் பற்றித்தான் இந்தக் கதை.

அந்த மிச்சத்திலும் பொறுக்கி எடுத்த நாலு பேர் நடத்தியது தேவலோகம் பேண்டு செட். கிளாரினெட் வாசிப்பது மாஸ்டர் பலவேசம். டிரம்பெட்டுக்கு ஞானதிரவியம், பெரிய டிரம்முக்குக் கொம்பையா, ஜால்ராவுக்குச் சங்கிலி. இதில் கொம்பையாதான் செட்டின் மூளை. யோசனை வந்துவிட்டால் டிரம்மின் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். தூரத்தில் இருந்து பார்த்தால் எது தலை எது டிரம் என்று தெரியாது. தட்டிப் பார்த்தாலும் தெரியாது என்று உலகம்மை சொல்வாள். உலகம்மை, பலவேசத்தின் பெஞ்சாதி.

செட்டுக்கு ஒரே ஒரு சிவப்புக் கோட்டு உண்டு. பித்தளைப் பொத்தான், தோளில் ஜரிகைக் குஞ்சம். தாலி கட்டுகிற நேரத்தில் எவன் ஊதுகிற வாத்தியம் சத்தம் போடுகிறதோ அவனுக்குத்தான் கோட்டு. செட்டு ஆரம்பித்த நாளில் போட்ட சட்டம் அது. அன்று மாட்டிய கோட்டைப் பலவேசம் லேசில் கழற்றுவதில்லை. துவைக்கப் போட்ட அன்று ஒரு தடவை வெறும் பனியனோடு வீட்டுக்குள் நுழைந்தார். அவர் வளர்த்த நாயே அவரைக் கடித்துவிட்டது. கோட்டு இல்லாவிட்டால் தான் யார் என்பது பலவேசத்துக்கும் அவ்வளவு நிச்சயம் இல்லை.

அந்தக் கோட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. டவுனில் ஒரு வித்வான் பலவேசம் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, "வாத்தியம் வாயை விட்டு நழுவுது. நல்லாக் கடிச்சுப் பிடியும்" என்றார். பெரியவர் சொன்னால் பலவேசம் தட்டமாட்டார். கடித்தார். முன்பல் இரண்டும் கிளாரினெட்டோடு போயின. அதற்கப்புறம் ஊதுகிற காற்று கிளாரினெட்டுக்குள் போகாமல் பக்கத்தில் நிற்கும் சங்கிலியின் முகத்தில் அடித்தது. வெயில் காலம் என்பதால் சங்கிலி இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டான்.

அப்படியானால் கோட்டு ஞானதிரவியத்துக்குத்தானே போகவேண்டும்? போயிருக்கும். ஆனால் அவரிடம் டிரம்பெட்டே இல்லை. மினிபஸ்ஸில் ஏறும்போது, "அதை ஓரமா வையும்" என்று கண்டக்டர் சொன்னார். ஞானதிரவியம் இறங்கி, ரோட்டு ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி ஏறி வந்துவிட்டார்.

வைகாசியில் ரைஸ்மில் முதலாளி மகளுக்குக் கல்யாணம். செட்டில் மிச்சம் இருந்ததோ ஒரு டிரம்மும் ஒரு ஜோடி ஜால்ராவும். பலவேசம் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு வேளைக்குமேல் சோறு இறங்கவில்லை என்று உலகம்மையே கவலைப்பட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தோடோர் வந்தார். ஐரோப்பாவில் பல்கேரியா என்ற மலைநாட்டுக்காரர். ஊர் ஊராகப் போய் பேண்டு செட்டுகளைக் கேட்பவர். நல்ல மனுஷர். தேவலோகம் செட்டையும் கேட்டார் என்றால் எவ்வளவு பொறுமைசாலி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கையில் அவர்கள் நாட்டு வாத்தியம் இரண்டு இருந்தன. ஒன்று, முழு ஆட்டுத்தோலில் செய்த பை. ஒரு கால் இருந்த இடத்தில் வாய் வைத்து ஊத ஒரு குழாய். இன்னொன்றில் விரல் வைத்து வாசிக்கிற குழாய். மூன்றாவதில் விடாமல் ஒத்து ஊதுகிற நீளக் குழாய். மற்றது நீளமான ஒரு மரக் குழல்.

தோடோர் பையை ஊதி நிரப்பி அக்குளில் இடுக்கி வாசித்தார். நடுவில் வாயை எடுத்துவிட்டு உலகம்மை கொடுத்த மோரை மடக் மடக்கென்று குடித்தார். பாட்டு நிற்கவில்லை. பலவேசத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பல் இல்லாதவனுக்கென்றே ஒரு தேசத்தில் வாத்தியம் செய்திருக்கிறார்கள் பார் என்று கண் கலங்கிவிட்டது.

அவர் படுகிற பாட்டைப் பார்த்து இரக்கப்பட்டுத் தோடோர் இரண்டையும் அங்கேயே கொடுத்துவிட்டார். கூட வந்த கார் டிரைவர் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னான்.

"பையைக் கைக்குழந்தை மாதிரி வச்சுக்கணுமாம். எப்பவும் உள்ள கொஞ்சம் காத்து இருக்கணுமாம். ஊதுற குழாய்ல ஒரு தோல் நாக்கு இருக்கு, அதனால உள்ள போனது திரும்பி வராது. நீங்க மூச்சு வாங்கினாலும் பரவாயில்ல, பாட்டு பைக்குள்ள இருக்கு, அமுக்கினா வரும். குழல் புதுசு. அதுக்கு எண்ணெய் காட்டணும். மெள்ள மெள்ளப் பழக்கணும்."

நல்ல யோசனைகள்தான். வேறு ஊரில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பை பலவேசத்துக்கு, குழல் ஞானதிரவியத்துக்கு என்று ஆயிற்று. கல்யாணத்தில் எது முன்னால் நிற்பது? செட்டு கூடியது. கொம்பையா டிரம்மில் தலையைச் சாய்த்தார்.

"முதல்ல ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்போம். ஞானதிரவியம், உம்ம குழல்ல எத்தனை ஓட்டை?"

"நெறைய இருக்கு."

"ஓட்டைக் குடத்துல யாராவது தண்ணி பிடிப்பாங்களாவே?"

"எங்க மதினி பிடிப்பா," என்றான் சங்கிலி.

"அவளைக் கணக்குல சேக்காண்டாம். குழல் ஊதாரி. இந்தப் பக்கம் ஊதினா அந்தப் பக்கம் செலவழிச்சிரும். பை அப்படியா? வாங்கிச் சேத்து வச்சுக்கும். குடும்பத்துக்கு எது ஆகும்?"

ஞானதிரவியம் விடவில்லை. "என் குழல் மரம். மரத்துல குயில் வந்து உக்காந்து பாடும். ஆட்டு மேல எந்தக் குயில்வே வந்து உக்காந்திருக்கு?"

இது பலமான அடி. பலவேசம் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"மரமும் செத்ததுதான், ஆடும் செத்ததுதான்," என்றார் கொம்பையா, கண்ணைத் திறக்காமலே. "ஆனா மரத்துக்கு நாம மூச்சு குடுத்துக்கிட்டே இருக்கணும். ஆடு, நாம மூச்சை நிறுத்தினாலும் பாடுது. அதை யோசிச்சுப் பாரும்."

யோசிக்கச் சொன்னதால் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முடிவில், கல்யாணத்துக்கு இரண்டையும் கொண்டுபோவது, தாலி கட்டும்போது எது சத்தம் போடுகிறதோ அதற்குக் கோட்டு என்று தீர்மானம் ஆயிற்று. பழைய சட்டம்தான், ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு பொழுது முழுக்க ஆனது.

அன்று ராத்திரியே பலவேசத்துக்கு ஒரு ஞானம் உதித்தது. பாட்டு பைக்குள்தான் இருக்கிறது என்றால் கல்யாண வீட்டில் போய் ஏன் ஊதவேண்டும்? பல் இல்லாத வாயை ஊர் முன்னால் காட்டுவானேன்? வீட்டிலேயே காபி குடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டை உள்ளே ஊதி அடைத்து வைத்துக்கொள்ளலாமே. அங்கே போய் அமுக்கினால் போதும். உலகத்தில் இவ்வளவு சுலபமான காரியம் யாருக்கும் தோன்றவில்லையே என்று அவருக்குப் பரிதாபமாக இருந்தது.

காலையில் விஷயத்தைக் கேட்ட கொம்பையாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். "முதல்ல ஊதின பாட்டு முதல்ல வருமா, கடைசியில ஊதினது முதல்ல வருமாவே?"

"முதல்ல வந்தவன்தான முதல்ல போகணும். அதான மரியாதை," என்றான் சங்கிலி.

"மினிபஸ்ஸுல பாக்கலயா? கடைசியா ஏறினவன் படியில நிப்பான். அவன் எறங்கினாத்தான் மத்தவன் எறங்க முடியும். பைக்கும் ஒரே வாசல்தான?" என்றார் கொம்பையா.

ஆகவே தலைகீழாக நிரப்புவது என்று முடிவானது. முதலில் பெண்ணை வழியனுப்புகிற பாட்டு, அதற்குமேல் பந்திக்குப் பாட்டு, எல்லாவற்றுக்கும் மேலே தாலிப் பாட்டு. மற்ற இரண்டு குழாயின் வாயிலும் துணியைத் திணித்து அடைத்துவிட்டு, ஊதுகிற குழாயைக் கடைவாயில் வைத்துப் பலவேசம் பாட்டை முனகி முனகி உள்ளே தள்ளினார். கைக்குழந்தை மாதிரி என்று சொன்னதால் பையை மடியில் போட்டு, நெற்றி இருந்திருக்க வேண்டிய இடத்தில் மை வைத்து, தொட்டிலில் படுக்கவைத்தார். முதுகில் மட்டும் தட்டக்கூடாது என்று உலகம்மையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏப்பம் விட்டால் ஒரு பல்லவி போய்விடும்.

"எனக்கு வந்து வாய்ச்சது பாருங்க," என்றாள் உலகம்மை, பக்கத்து வீட்டுச் சுவரிடம்.

அந்தப் பக்கம் ஞானதிரவியமும் சும்மா இல்லை. எண்ணெய் காட்டச் சொன்னார்களே என்று சனிக்கிழமை தவறாமல் குழலுக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டினார். மெள்ள மெள்ளப் பழக்கவேண்டும் என்பதால் சாயங்காலம் அதைச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொருவரிடமும் அறிமுகம் செய்துவைத்தார். குழலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சுக்குக் கஷாயம் ஊற்றினார். அதற்குமேல் அது வாயே திறக்கவில்லை. கல்யாணத்துக்காகக் குரலைச் சேமித்து வைக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சங்கிலி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதியும். தோடோரு போன அன்னிக்குப் பையைப் பாத்துக்கச் சொன்னீருல்லா? எப்பவும் காத்து இருக்கணும்னாரேன்னு நான் கொஞ்சம் ஊதி வச்சேன்."

"என்ன பாட்டுவே ஊதினே?"

"எனக்கு ஒரே பாட்டுதான தெரியும். சாவு வீட்டுப் பாட்டு."

பலவேசம் தொட்டிலுக்கு ஓடிப்போய்ப் பையில் காதை வைத்துப் பார்த்தார். கல்யாணப் பைக்குள் ஒப்பாரி. அதை எடுக்கவேண்டுமானால் மேலே இருக்கிற மூன்று பாட்டையும் இறக்கவேண்டும். விடிந்தால் முகூர்த்தம்.

கொம்பையாதான் ஆளைத் தேற்றினார். "அது அடியிலதான கெடக்கு. காபி குடிக்கிறவன் அடிமண்டியையும் சேத்தா குடிக்கான்? மூணு பாட்டோட கையை எடுத்திரும். நாலாவது வெளிய வந்தாத்தான ஆபத்து."

மறுநாள் காலையில் செட்டு மினிபஸ்ஸில் ஏறியது. கல்யாண மண்டபம் அடுத்த ஊரில். பஸ்ஸில் பயங்கரக் கூட்டம். கண்டக்டர் பையைக் காட்டி, "லக்கேஜா?" என்றார்.

"கைக்குழந்தை," என்றார் பலவேசம்.

கண்டக்டர், ஆட்டின் கால்கள் இருந்த இடத்தையும் மையையும் பார்த்தார். "அப்பா மாதிரியே இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வெள்ளைமடைக்காரர் இல்லை. டிரைவர்தான் நம்ம ஊர்.

பாலத்து மேட்டில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. பின்னால் நின்ற ஒரு தடித்த ஆள் பலவேசத்தின் மேல் சாய்ந்தார். அடைத்திருந்த துணி இரண்டும் தெறித்தன. பை, "ங்ஙெஏஏஏஏ" என்று ஒரு நீளமான சத்தம் போட்டுவிட்டு, துவைத்த வேட்டி மாதிரித் தொங்கிப்போனது. முன் சீட்டில் இருந்த ஒரு கிழவர், யாரோ ஆட்டை மிதித்துவிட்டார்கள் என்று சீட்டுக்கடியில் தேடினார்.

"போச்சு," என்றார் பலவேசம். "எல்லாம் போச்சு."

"எங்கவே போகும்? பஸ்ஸுக்குள்ளதான இருக்கு," என்றார் கொம்பையா. "ஜன்னலைச் சாத்துங்க."

வைகாசி வெயிலில், அந்தக் கூட்டத்தில், எல்லா ஜன்னலையும் சாத்தினார்கள். பாட்டைக் காப்பாற்றவேண்டும் என்றால் வெள்ளைமடைக்காரர்கள் வியர்வைக்கு அஞ்சுகிறவர்கள் இல்லை.

மண்டபத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ரைஸ்மில் முதலாளி செட்டைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கொம்பையா டிரம்மை அடித்தார். சங்கிலி ஜால்ராவைத் தட்டினான். பலவேசம் பையை அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. ஞானதிரவியம், தன் காலம் வந்தது என்று குழலை வாயில் வைத்து முழு மூச்சையும் விட்டார். குழலின் மறுமுனையில் ஒரு சீயக்காய் நுரை மெதுவாகப் பெரிதாகி, உடைந்தது.

"ஏ பலவேசம், பாட்டு எங்க?" என்றார் முதலாளி.

பலவேசத்துக்குப் பொய் சொல்ல வராது. அதற்குக் கொஞ்சம் புத்தி வேண்டும். "முதலாளி, பாட்டு பஸ்ஸுல இருக்கு."

வேறு முதலாளியாக இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார். இவரும் வெள்ளைமடைதான். "அப்ப இங்க எதுக்கு உக்காந்திருக்கோம்? முகூர்த்தம் முடியுறதுக்குள்ள பஸ்ஸைப் பிடிங்க" என்று எழுந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் சமையல்கட்டில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. பாயசம் வரைக்கும் வந்த சம்பந்தத்தை யாரும் முறிக்கமாட்டார்கள். அவர்களும் கிளம்பினார்கள்.

பஸ் இன்னும் ஸ்டாண்டில்தான் நின்றது. கல்யாணக் கூட்டம் திமுதிமுவென்று ஏற, கண்டக்டர் கும்பிடு போட்டுவிட்டு இறங்கிக்கொண்டார். ஜன்னல்களைச் சாத்தினார்கள். மணமக்களை முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். பஸ் வெள்ளைமடையைப் பார்த்துக் கிளம்பியது. பாட்டு எங்கிருந்து வரும் என்று எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, குறுக்கே ஒரு மாடு வந்தது. டிரைவர் ஜன்னலோரம் தொங்கிய ரப்பர்ப் பையைப் பிடித்து அமுக்கினார். ஹாரன், "பாஆம்" என்றது.

"அதான்," என்று கத்தினார் கொம்பையா. "பஸ்ஸுக்குள்ள இருக்கிற காத்தைத்தான அந்தப் பை குடிச்சிருக்கு? அதான் தாலிப் பாட்டு. கட்டுங்க."

மாப்பிள்ளை பயத்தில் மூன்று முடிச்சையும் போட்டுவிட்டார். எல்லாரும் அட்சதை போட்டார்கள்; பாதி டிரைவர் கண்ணில் விழுந்தது. பலவேசம் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் வைக்கவில்லை, ஊதவில்லை, அமுக்கினார், வந்தது. அவருடைய பாட்டு, அவர் காபி குடித்துக் குடித்து முனகிய பாட்டு. கோட்டு பிழைத்தது என்று சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

அடுத்த திருப்பத்தில் இரண்டாவது ஹாரன். "பந்திப் பாட்டு," என்றார் கொம்பையா. யாரோ தூக்குவாளியில் கொண்டுவந்த லட்டைப் பரிமாறினார்கள். மூன்றாவது ஹாரன். "வழியனுப்புற பாட்டு." பெண்ணும் தாயும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

வெள்ளைமடை எல்லையில் ரோட்டின் நடுவே ஒரு கோழி நின்றது. டிரைவர் கை, ரப்பர்ப் பையை நோக்கிப் போனது.

சங்கிலி விரலை விட்டு எண்ணினான். "அண்ணாச்சி, மூணு முடிஞ்சது. இது நாலாவது."

"அமுக்காதிய," என்று பலவேசம் போட்ட கூச்சலில் டிரைவர் திடுக்கிட்டு அமுக்கிவிட்டார். என்ன பாட்டு என்று கொம்பையா விளக்கினார். அவ்வளவுதான். முதலாளி, மணமக்கள், மாப்பிள்ளை வீட்டார், எல்லாரும் குதித்தார்கள். டிரைவரும் குதித்தார். அவருக்கும் உயிர்மேல் ஆசை இருக்காதா? ஆமை வேகத்தில் போகிற பஸ் என்பதால் யாருக்கும் சிராய்ப்பு கூட இல்லை.

பலவேசம் மட்டும் இறங்கவில்லை. பாட்டு முடியாமல் மாஸ்டர் இடத்தை விட்டு நகரக்கூடாது. பஸ் தன்பாட்டுக்கு ரோட்டை விட்டு இறங்கி ஒரு வைக்கோல் படப்பில் போய் முட்டி நின்றது. முட்டிய வேகத்தில் அவர் போய் ரப்பர்ப் பையின் மேல் விழுந்து கிடந்தார். ஹாரன் நீளமாக அலறி, ஒப்பாரியை முழுசாகப் பாடி முடித்துவிட்டு ஓய்ந்தது.

தலையெல்லாம் வைக்கோலோடு அவர் வெளியே வந்தார். கூட்டம் பத்தடி தள்ளி நின்றது. கொம்பையா டிரம்மில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"ஒப்பாரி யார் மேல பாடி முடிஞ்சதோ, அவருதான் தவறினவரு."

பலவேசம் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். "துடிக்குதேவே."

"அது டிரம். மத்த வாத்தியம் எல்லாம் ஓய்ஞ்சாலும் டிரம் கடைசி வரைக்கும் அடிக்கும். எனக்குத் தெரியாதா?"

பலவேசம் ஒத்துக்கொண்டார். உலகம்மைக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் வந்து பார்த்துவிட்டு, "கல்யாணச் சோத்தைச் சாப்பிட்டுட்டாவது செத்திருக்கக் கூடாதா" என்று தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மூங்கில் வெட்டிப் பாடை கட்டினார்கள். பலவேசம் போய்ப் படுத்துக்கொண்டார்.

அப்போது ஞானதிரவியம் பக்கத்தில் வந்து குனிந்து, "மாஸ்டர், செத்தவருக்கு எதுக்குக் கோட்டு?" என்றார்.

செத்ததைக் கூடப் பலவேசம் தாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பித்தளைப் பொத்தானாகக் கழற்றும்போதுதான் அவர் மனசு உடைந்துபோனது. கண்ணீர் காதுக்குள் ஓடியது. கோட்டைப் போட்டுக்கொண்ட ஞானதிரவியம் ஊர்வலத்துக்கு முன்னால் போய் நின்று குழலை ஊதினார். நுரை வந்தது. மறுபடி ஊதினார். இன்னும் கொஞ்சம் நுரை வந்தது. மாஸ்டர் சாவுக்குப் பாட்டு இல்லையாம் என்று கூட்டத்தில் சிரித்தார்கள்.

பாடையில் பலவேசம் எழுந்து உட்கார்ந்தார். "கொம்பையா, அந்தப் பையை எடும். சங்கிலி, உன் பாட்டை உள்ள ஊது."

"செத்தவரு எப்படிவே வாசிப்பீரு? மூச்சு வேண்டாமா?" என்றார் ஞானதிரவியம்.

"எதுக்கு மூச்சு? அவன் ஊதி வைக்கான். நான் அமுக்கினாப் போதாதா?"

கொம்பையா டிரம்மில் தலையைச் சாய்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "குழலுக்கு மூச்சு உள்ள ஆள் வேணும். பைக்கு அதுவும் வேண்டாம். பைதான் ஒசத்தி. கோட்டைக் கழத்தும் ஞானதிரவியம்."

சங்கிலி தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை ஊதி நிரப்பினான். பலவேசம் சிவப்புக் கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழே மாட்டிக்கொண்டு, பையை அக்குளில் இடுக்கி, தன் சாவுக்குத் தானே முன்னால் நடந்து வாசித்தார். பின்னால் வெறும் பாடையைச் சிந்தாமல் சிதறாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுடுகாடு வந்ததும், "அடுத்த முகூர்த்தத்துக்கு புக்கிங் இருக்கு. அதை முடிச்சிட்டு வந்து படுத்துக்கிடுதேன்" என்றார். நியாயம்தானே என்று எல்லாரும் மண்டபத்துக்குத் திரும்பிப் போய்க் கல்யாணச் சோறு சாப்பிட்டார்கள்.

இன்றைக்கும் தேவலோகம் செட்டுக்குக் கிராக்கி குறையவில்லை. கல்யாண வீட்டார் யாராவது வந்து, மாஸ்டரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டால், சிவப்புக் கோட்டும் முன்பல் இரண்டு இல்லாத சிரிப்புமாக ஒருவர் எழுந்து வந்து கும்பிடுவார்.

"மாஸ்டர் வைகாசியில தவறிட்டாரு. ஆனா ஒரு குறையும் வராது. அவருக்குப் பதிலா நானே வாரேன்."